கரியாலூர் காசிநாதனுக்கு மனசு சரியில்லை

கள்ளக்குறிச்சியில் யாருக்கும் எந்த நோயும் நேரடியாக வந்ததாக வரலாறு இல்லை. வந்ததெல்லாம் அவரவருக்குத் "தெரிஞ்சவருக்கு"த்தான். ஆதாரம் வேண்டுவோர் கச்சிராயபாளையம் சாலையில் ஷேக் தாவூதின் நாட்டு மருந்துக் கடை வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கலாம்.

"மூலத்துக்கு இன்னா இருக்குது பாய்? எனக்கில்ல, எங்க மச்சானுக்கு."

"மச்சான் உக்கார்றாரா, இல்ல நின்னுக்கினே இருக்காரா?"

"நின்னுக்கினுதான் பாய் இருக்காரு."

சொன்னவரும் நின்றுகொண்டுதான் இருப்பார். பக்கத்தில் ஸ்டூல் காலியாகக் கிடக்கும். தாவூது பாய் அந்த ஸ்டூலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "மச்சான காரத்தக் கம்மி பண்ணிக்கச் சொல்லுங்க. புல்லட்ட கொஞ்ச நாள் எடுக்க வேணாம்னு சொல்லுங்க" என்று பொட்டலம் மடித்துக் கொடுப்பார். வந்தவர் தன் புல்லட்டை ஸ்டார்ட் செய்யாமல், மரியாதையாகத் தள்ளிக்கொண்டே போவார்.

இப்படிக் கால் நூற்றாண்டாக ஒரு நகரத்தின் வாயுவையும் வழுக்கையையும், இன்ன பிறவற்றையும் பொட்டலத்தில் மடித்துக் கட்டியவர் பாய். யாருடைய மச்சான் யார் என்பது அவருக்குத் தெரியும். வெளியே ஒரு சொல் போனதில்லை. அந்தக் கடையின் அசல் சரக்கு அதுதான். அமுக்கராவும் அதிமதுரமும் வேறு கடைகளிலும் கிடைக்கும்.

அப்படிப்பட்டவருக்கு வருஷா வருஷம் ஒரு சங்கடம் வந்து சேரும். தீபாவளிப் பட்டாசுக் குப்பை மழையில் ஊற ஆரம்பித்ததும் வானம் ஈயப் பாத்திரம்போல ஆகிவிடும் அல்லவா? அன்றைக்கே பாயின் முகமும் அதே உலோகமாகிவிடும். விடியற்காலைத் தொழுகைக்கு எழுவார், தொழுவார், வீட்டுக்கு வந்து மறுபடி படுப்பார். பத்து மணிக்கு மேல் கடைக்கு வந்து தராசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தராசும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சொல்லிக்கொள்ளும்படி இருவரிடமும் ஒன்றும் இருக்காது.

"பாய், கடுக்காய் இருக்குதா?"

"இருந்து இன்னா பண்ணப் போவுது."

ஒரு வியாபாரி சொல்லக்கூடிய பதிலா இது? பொங்கல் வந்து வெயில் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும். பேச்சு திரும்பும், சிரிப்பு திரும்பும். ஆனால் அதுவரை கடையை நடத்தியாக வேண்டும். அந்தக் கடையின் பெயர்ப் பலகையிலோ "மூட்டுவலி, முடி உதிர்தல், மனச்சோர்வு அறவே நீங்கும்" என்று பச்சை பெயிண்டில் எழுதியிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் பாய் உட்கார வேண்டும். வழுக்கைத் தலையர் கூந்தல் தைலம் விற்றால் ஊர் மன்னிக்கும், பரம்பரை என்று சொல்லித் தப்பிக்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து விற்பவரே சோர்ந்து உட்கார்ந்தால் அதற்கு என்ன பரம்பரை சொல்வது? தெரிந்தால் கடை போச்சு. பெயர் போச்சு. பாயின் பயமெல்லாம் அதுதான்.

இந்த வருஷம் மழை கொஞ்சம் ஜாஸ்தி. சோர்வும் ஜாஸ்தி. பாய் வேறு வழியில்லாமல் தன் சரக்கைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். அமுக்கராப் பொடியைப் பாலில் போட்டுக் குடித்தார். ஏற்கெனவே பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தவர் இப்போது இன்னும் ஆழமாகத் தூங்கினார். பிறகு வல்லாரை. வல்லாரையைக் குறை சொல்ல முடியாது, அது தன் வேலையைச் செய்தது. பாய் மறந்து போயிருந்த கவலைகளெல்லாம் பேர் ஊரோடு ஞாபகத்துக்கு வந்தன.

ஆகவே ஒரு மத்தியானம், மழை கொஞ்சம் விட்டபோது, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அதை நடத்துகிற சிவசங்கர் உலகத்தில் உள்ள எல்லா விஷயங்களையும் ஒரு பக்கமாவது படித்தவர். ஊர்க்காரர்களின் காகிதம் எல்லாம் அவர் மெஷின் வழியாகத்தானே போகிறது.

"சிவா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..." என்று பாய் ஆரம்பித்தார். "மழைக்காலம் வந்தா அவருக்கு மனசு சரியில்லாம போய்டுது. எதுலயும் புடிப்பே இல்ல. பிரியாணி சாப்ட்டாகூட அட்டைய மெல்ற மாதிரி இருக்குதாம்."

"யாரு பாய்?"

இப்படி ஒரு கேள்வி தாவூது நாட்டு மருந்துக் கடையில் கேட்கப்பட்டதே இல்லை. ஆனால் ஜெராக்ஸ் கடை பாயின் எல்லைக்கு வெளியே இருந்தது. பாய் திணறினார். மாசாமாசம் கடுக்காயும் தேனும் வாங்கக் கல்வராயன் மலைக்குப் போகிறவர், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"காசிநாதன்னு ஒருத்தரு. கரியாலூர்ல."

"கேஸா இருக்கும்" என்றார் சிவசங்கர்.

இந்த நாட்டில் நெஞ்சுவலி முதல் தேர்தல் தோல்வி வரை எல்லாவற்றுக்கும் முதல் காரணம் வயிற்றில் சேர்கிற கேஸ்தான். இரண்டாவது காரணம் சூடு. குளிர்காலத்தில் வருகிற நோய்க்கு சூடு எப்படிக் காரணமாகும் என்று கேட்டால், "உள்சூடு" என்பார்கள். மூன்றாவது திருஷ்டி. நாலாவதாக சிவசங்கர் செல்போனையும் சேர்த்தார். காசிநாதனிடம் பழைய பட்டன் போன்தான் என்று பாய் அவசரமாகச் சொன்னார். காசிநாதன் பிறந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் போன் வாங்கிவிட்டார்.

சிவசங்கர் கருணை உள்ளவர். ஒரு மனிதனின் துயரத்தை ஒரே காப்பியோடு நிறுத்துவது அவருக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் மார்க்கெட் முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலை ரிஷிவந்தியத்திலிருந்து அமிர்தம் வந்து இறங்கினார்.

அமிர்தம் மரவள்ளியும் கரும்பும் வைத்திருக்கிற விவசாயப் பெண்மணி. அம்பது வயசு. மூணு வரப்பு தாண்டிக் கேட்கிற குரல். மாட்டு வைத்தியத்துக்கு வேண்டியதும், "எங்க ஓரகத்திக்கு" வேண்டியதுமாக மாதம் ஒருமுறை பாயிடம் வருவார். அமிர்தத்தின் கணவருக்கு அண்ணன் தம்பி இல்லை, ஆகவே ஓரகத்தியே கிடையாது என்பது பாய்க்குத் தெரியும்.

"இன்னா பாய் இது, மலையில ஒரு மனுசன் மனசு நொந்து கெடக்கறாராம், நீங்க பாட்டுக்குத் தராசப் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு கீறீங்க?"

"இல்லம்மா, நானும் அதத்தான்..."

"மழையில மனுசன் சும்மா ஒக்காரக் கூடாது. ஒக்காந்தா மழ உள்ளார பூந்துக்கும். நல்லாத் தின்னணும். இந்தாங்க, நெத்திலிக் கருவாடு. முருங்கக்கீர. போறப்ப அவருகிட்ட குடுங்க. கீரய ஆய்ஞ்சி தரச் சொல்லாதீங்க, அவரையே ஆயச் சொல்லுங்க. கையி வேல செஞ்சா மனசு கம்முனு கெடக்கும்."

அன்றிலிருந்து கடை ஒரு நிவாரண முகாமாகிவிட்டது. களமருதூரில் நெல் போட்டிருக்கிற பச்சமுத்து கருப்பட்டி அனுப்பினார். ஒருவர் எலுமிச்சம்பழமும் திருநீறும் கொடுத்தார், தர்காவில் ஓதிய கயிறு ஒன்றும் வந்தது. காசிநாதனுக்கு மதம் ஒரு தடையாக இல்லை. மலையில் குளிர் ஜாஸ்தி என்று அமிர்தம் இன்னொரு நடையில் குரங்குக் குல்லா ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்.

இதையெல்லாம் பாய் எங்கே கொண்டுபோவார்? வீட்டுக்குத்தான்.

"இன்னாங்க, யாரு இந்தக் காசிநாதன்?" என்றார் மெகருன்னிசா. பாயின் மனைவி. "தெனம் கருவாடு வருது, கீர வருது. கீரய ஒரு ரூமுல கதவ சாத்திக்கினு நீங்களே ஆயறீங்க. நேத்து குல்லா போட்டுக்கினு ஃபேனுக்குக் கீழ ஒக்காந்திருந்தீங்க."

"சைஸ் பாத்தேன்."

"காசிநாதனுக்கும் உங்க தல சைஸா?"

பாய் கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மெகருன்னிசா மேலே கேட்கவில்லை. நிக்காஹ் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு கார்த்திகையிலும் இந்த முகத்தைப் பார்த்துவருபவர் அவர். ஆனால் அவரும் இந்த ஊர்க்காரர். நேராகக் கேட்பது மரியாதை இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களெல்லாம் இப்போது முதலில் "காசிநாதன் எப்பிடி இருக்காரு?" என்று கேட்டார்கள். தராசோடு மட்டும் உறவு வைத்திருந்த பாய் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. "நேத்து கொஞ்சம் பரவால்லயாம். எழுந்து ஷேவ் பண்ணிக்கினாரு." "இன்னிக்கு சுத்தமா முடியலயாம். வூட்டுல யாராவது சிரிச்சா கோவம் வருதாம், அப்பறம் ஏன் கோவப்பட்டோம்னு அழுக வருதாம்." கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். தன்னைப் பற்றி மனைவியிடம்கூட சொல்லாத மனிதர், காசிநாதனைப் பற்றி முழு நகரத்திடமும் சொன்னார். சொன்ன அன்றைக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது.

ஆனால் விடாமல் மழை பெய்த ஒரு நாளில் பாய்க்கு வாய் அளவு தவறிவிட்டது. அமிர்தம் வழக்கம்போலக் கேட்க, பாய் தராசைப் பார்த்தபடியே சொன்னார்: "விடியவே வேணாம்னு இருக்குதாம்மா அவருக்கு. கண்ணு முழிச்சா, ஐயோ இன்னொரு நாளான்னு இருக்குதாம்."

மூணு வரப்பு தாண்டிக் கேட்கிற அந்தக் குரல் நின்றுபோனதைக் கேட்டு சிவசங்கரே ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது கருவாட்டுல தீர்ற விசயம் இல்ல" என்றார் அமிர்தம். "எங்க அண்ணன் பொண்ணு செந்தமிழ்ச்செல்வி மனசு டாக்டரு, இங்க டவுன்லதான் கிளினிக்கு. ஞாயித்துக்கெழம லீவுல வூட்டுக்கு வருது. வேன் புடிக்கிறேன். எல்லாரும் மலைக்குப் போறோம். பாய், நீங்கதான் வூட்டக் காட்டணும்."

பாய்க்கு வியர்த்தது. கார்த்திகை மாதத்தில், மழையில் வியர்த்தது. மலையில் காசிநாதன் என்று யாருமில்லை. இல்லாத காசிநாதன் யார் என்று அமிர்தம் யோசித்தால், கீழே இறங்குவதற்குள் கடை அம்பலம். காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தார். "வேன்ல டாக்டர் இருக்குதில்ல, இன்னா பயம்?" என்றார் சிவசங்கர். மலையில் நிலச்சரிவு என்று சொல்லிப் பார்த்தார். வேன் டிரைவர் அன்று காலையில்தான் போய் வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் ஏறப் போனால், முன் சீட்டில் மெகருன்னிசா உட்கார்ந்திருந்தார்.

"நீ எங்க?"

"நம்ம வூட்டுக்கு வந்த கருவாட்டயெல்லாம் தின்ன ஆளு. நானும் ஒரு தடவ பாக்க வேணாமா?"

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி வேன் மலையேறியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பாய் ஒரு பொய்யை யோசித்தார், அடுத்த வளைவில் கைவிட்டார். வெள்ளிமலையில் மழை விட்டது. கரியாலூரில் இறங்கினார்கள்.

"வூடு எங்க பாய்?"

"அந்தத் திருப்பத்துல."

திருப்பம் வந்தது. "இன்னும் கொஞ்சம் மேல." மேலே போனார்கள். "அந்தப் பலா மரத்துக்கு அந்தாண்ட." பலா மரம் தாண்டி சாமைக் கொல்லை, அதைத் தாண்டி ஓர் ஓடை. காசிநாதனைப்போல ஊரை விட்டு இவ்வளவு ஒதுங்கி வாழ்ந்தவர் எவருமில்லை. சிவசங்கர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். டாக்டர் செந்தமிழ்ச்செல்வி மட்டும் காசிநாதன் வீட்டைத் தேடாமல், வழிகாட்டிக்கொண்டு போகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மேகம் கொஞ்சம் விலகி வெளிச்சம் விழுந்தது. மூச்சு வாங்க பாய் ஒரு பாறை ஓரம் நின்றபோதுதான் சின்னராசு எதிரே வந்தார். பாய்க்கு வழக்கமாகக் கடுக்காய் கொடுக்கிறவர்.

"அட, பாய்! எங்க உங்கள ஆளயே காணோம்?"

பாய் கண்ணால் கெஞ்சினார். அதற்குள் அமிர்தம் முந்திக்கொண்டார். "காசிநாதன் வூடு எதுங்க?"

"காசிநாதனா? அப்பிடி இந்தப் பக்கம் ஆரும் இல்லீங்களே."

"மழ வந்தா மனசு சரியில்லாம போயிடுமே, அவரு."

சின்னராசு யோசித்தார். "அப்பிடிச் சொன்னா, நம்ம பாய்தான் மழக்காலத்துல அப்பிடி இருப்பாரு. மத்த நாள்ல வந்தாருன்னா பேச்ச நிறுத்த மாட்டாரு. மழயில வந்தா காய எடுத்துக்கினு ஒரு வார்த்த பேசாம போயிடுவாரு."

சொல்லிவிட்டு, தன் வேலை இருக்கிறது என்று அவர் போய்விட்டார்.

சிவசங்கர் வாயைத் திறந்தார். அப்போது பாய் அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். மாசாமாசம் ஒரு "ஃப்ரெண்டு"க்காக சிவசங்கர் எது வாங்கிப் போகிறார் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். திறந்த வாய் ஒரு கொட்டாவியாகி மூடிக்கொண்டது. அமிர்தமும் தனக்கு இல்லாத ஓரகத்தியை நினைத்திருக்க வேண்டும். காசிநாதனுக்கென்று கொண்டுவந்திருந்த இன்னொரு குல்லாவைக் கையில் சுருட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"காசிநாதன் வெளியூர் போயிருப்பாரு" என்றார் கடைசியில். "அதனால இன்னா? வந்த டாக்டர சும்மா அனுப்பறதா? பாய், நீங்க இப்பிடிப் பாறையில ஒக்காருங்க. அவரு சொன்னத நீங்க சொல்லுங்க."

கல்வராயன் மலையில் அதுவரை இப்படியொரு வைத்தியம் நடந்திருக்காது. இல்லாத நோயாளியின் எதிரே டாக்டர் உட்கார்ந்தார்.

"காசிநாதனுக்குத் தூக்கம் எப்படி?"

"விடியக்காலம் எழுந்துட்டு மறுபடி படுத்துடுவாரு, பகல்லயும் தூங்குவாரு. எழுந்தா அசதிதான்."

"இந்த வருஷம் மட்டும்தானா?"

"வருஷா வருஷம். தீபாவளி தாண்டினா வரும், பொங்கலுக்குப் போயிடும்."

"செத்துடலாம்னு தோணுதுன்னு எப்பவாவது சொன்னாரா?"

மெகருன்னிசா துப்பட்டா நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இல்ல டாக்டரம்மா" என்றார் பாய், நிதானமாக. "அப்பிடி இல்ல. விடியறதுதான் பாரமா இருக்குதாம். விடிஞ்சப்பறம் எப்பிடியோ ஓட்டிடறாரு. அப்பிடித் தோணுனா ஒடனே சொல்றேன்னாரு."

"கண்டிப்பா சொல்லணும், ராத்திரியா இருந்தாலும்" என்றார் டாக்டர். "இது சோம்பேறித்தனம் இல்ல, கேஸும் இல்ல." சிவசங்கர் லேசாக வருத்தப்பட்டார். "வெளிச்சம் கம்மியாகிற காலத்துல சில பேருக்கு மனசு இப்படி இறங்கும். காலையில தொழுதுட்டு மறுபடி படுக்காம, வெளிச்சம் வந்ததும் வெளியில நடக்கச் சொல்லுங்க. மழை மூட்டமா இருந்தாலும் வீட்டுக்குள்ள இருக்கிறதவிட வெளியில வெளிச்சம் அதிகம்தான். பகல்ல தூங்க வேணாம். தனியா உக்கார வேணாம், பேசணும். நேரத்துக்குச் சாப்பிடணும். அதுல சரியாகலன்னா மாத்திரை இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல. கடையில இருக்கிற பொடியெல்லாம் அவரா எடுக்க வேணாம், எனக்குச் சொல்லிட்டுத்தான்."

"சொல்றேன்."

"தைராய்டு, ரத்தசோகை மாதிரி வேற காரணமும் இருக்கலாம். அதனால முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணணும். நாளைக்குக் காலையில காசிநாதனக் கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க. கை நீட்டினா போதும், ஒரு நிமிஷ வேலை."

பேச்சை இன்னொருவர் பேரில் பேசலாம், சோறுகூட இன்னொருவர் பேரில் சாப்பிட்டாயிற்று. ரத்தம்? கால் நூற்றாண்டு மரபு ஓர் ஊசி முனையில் வந்து நின்றது. அவர் தன் சட்டைக் கையைப் பார்த்தார், மெகருன்னிசாவைப் பார்த்தார், பொத்தானைக் கழற்றினார்.

"டாக்டரம்மா, காசிநாதனோட ரத்தம் என்கிட்டதான் இருக்குது."

மெகருன்னிசாதான் முதலில் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதச் சொல்றதுக்கு இம்மாம் தூரம் மலயேறி வரணுமா? வூட்லயே சொல்லியிருந்தா, கருவாட்டத் திருட்டுத்தனமா வறுத்திருக்க வேணாம்."

"அந்தக் கருவாட்டயெல்லாம் தின்னது நீங்கதானா?" என்று அமிர்தம் குரலை மீண்டும் மூணு வரப்புக்கு உயர்த்தினார்.

"ஆமாம்மா. நல்லா இருந்திச்சி."

"அதச் சொல்லுங்க மொதல்ல! எம்மாம் நாளா ருசி எப்பிடின்னு ஒரு வார்த்த வரலயேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்!"

"ஊருக்குத் தெரிஞ்சா போச்சும்மா" என்றார் பாய். "சோர்வுக்கு மருந்து விக்கறவனுக்கே சோர்வுன்னா, எவன் வருவான் என் கடைக்கு?"

"ஊருக்கு எப்பிடி பாய் தெரியும்?" என்றார் சிவசங்கர், நெஞ்சில் கை வைத்து.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

பாய் பயந்தது பாதி நடந்தது. மனச்சோர்வுப் பொடியின் விற்பனை நிஜமாகவே படுத்துவிட்டது. ஆனால் கடை படுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பச்சமுத்து களமருதூரிலிருந்து வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, "பாய், எனக்கு... கொஞ்ச நாளா காசிநாதனா இருக்குது" என்றார். மச்சானுக்கு என்று சொல்லவில்லை. பாய் பொடி மடிக்கவில்லை. பேச உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, டாக்டரின் கிளினிக்குக்கு வழி சொன்னார். அந்த வாரமே இன்னும் சிலர் வந்தார்கள். இப்போது கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் அந்த நோய்க்கு வேறு பெயர் கிடையாது. "அவருக்கு லேசா காசிநாதன்", "இவருக்குப் போன வருஷம் காசிநாதன் முத்திப்போச்சி" என்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். மருத்துவ நூல்கள் இதை இன்னும் ஏற்கவில்லை. அது நூல்களின் குறை.

ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பாய் தினமும் வெளிச்சம் வந்ததும் நடக்கிறார். தனியாக இருக்க வேண்டாம், பேச வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், துணைக்கு சிவசங்கர் போகிறார். போகிற வழியெல்லாம் கேஸ், உள்சூடு, செல்போன் டவர், மறுபடி கேஸ்.

ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது பாய் முகத்தில் பாதி உலோகம் போயிருந்தது. சோறு இறங்குகிறது, தூக்கம் ஒழுங்காகிவிட்டது, மெகருன்னிசாவோடு ஒரு சண்டைகூடப் போட்டிருக்கிறார்.

"நல்லா முன்னேற்றம் இருக்கு" என்றார் டாக்டர். "மாத்திரை தேவைப்படாது போல. இப்படியே நடந்துட்டு இருங்க."

பாய் எழுந்திருக்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே பெஞ்சில் சிவசங்கர், காத்திருந்த நோயாளி ஒருவருக்கு அவருடைய நோயை விளக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா" என்றார் பாய், குரலைத் தாழ்த்தி, "நடக்கறதுக்குப் பதிலா ஒரு மாத்திரையா குடுத்துட முடியாதா?"